உபதேசியாருக்கு ஒரு புத்தகம்

பாரிஸின் லாச்சப்பலில் தமிழ்க் கிறிஸ்தவப் புத்தகம் தேடுகிறவருக்குப் பல நேரம் பலசரக்குக் கடைதான் கை கொடுக்கும். ஊதுபத்தியும் நாட்காட்டியும் தொங்குகிற மூலையில் வேளாங்கண்ணி மாதாவும் மடு மாதாவும் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே செபமாலைக் கையேடு, நவநாள் புத்தகம், வசனம் அச்சடித்த அட்டைகள். சபைக்குப் போகிறவர்களுக்குக் கடையும் தேவையில்லை. சென்னையில் அச்சான தினத் தியான நூல், ஊழியர் ஒருவரின் சாட்சி, பாட்டுப் புத்தகம் எல்லாம் ஆராதனை முடிந்ததும் வாசல் மேசையிலேயே கிடைக்கும். லாச்சப்பலுக்குப் பக்கத்து மார்க்ஸ் டோர்முவாவில் 12ஆம் இலக்க மெற்றோ ஏறினால் நாலாவது நிறுத்தம் ஒபர்வில்லியே நகரமண்டபம். 2022 மே மாதம் திறந்த அந்த நிறுத்தத்துக்குக் கிட்டத்தான் நோத்ர்டாம் தே வெர்த்யு கோயில் இருக்கிறது. 1336இல் ஒரு வறட்சிக் காலத்தில் மாதா சுரூபத்தின் முகத்தில் நீர்த்துளி அரும்பியது என்றும் அதோடு மழை கொட்டியது என்றும் சொல்லி, பாரிஸ்காரர்கள் நூற்றாண்டுக் கணக்காக யாத்திரை வந்த இடம் அது. அதே நகரின் பழைய கிடங்குகளிலும் தொழிற்கூடங்களிலும் இன்று பல மொழிகளில் சுவிசேஷ சபைகள் கூடுகின்றன. மாதா பக்தியும் உபவாச ஜெபமும் இத்தனை நெருக்கத்தில் நடக்கிற இடத்தில் இருந்துகொண்டு தமிழ்க் கிறிஸ்தவ நூல்களைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. ஊரில் தனித்தனி உலகங்களாக இருக்கும் கத்தோலிக்கப் பதிப்பும் சீர்திருத்தப் பதிப்பும் இங்கே ஒரே வீட்டு அலமாரியில் கலந்து கிடக்கும்.

தமிழில் இந்த வகை நூல்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதற்புத்தகமே ஞானோபதேசப் புத்தகம்தான்: 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’. அண்ட்ரிக் அடிகளாரின் அந்தச் சிறு நூலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின் வந்தவற்றில் இரண்டு. ஒன்று 1580இல் அச்சான பாவசங்கீர்த்தனக் கையேடு. மற்றது 1586இல் வந்த ‘அடியார் வரலாறு’. அறுநூறு பக்கத்துக்கு மேல். இவை யாருக்காக எழுதப்பட்டன என்பதில் ஐயமில்லை. முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக. அச்சுச் செலவிலும் அவர்கள் கை இருந்தது. கடலுக்குப் போகிறவர், சங்கு குளிக்கிறவர், கடன் வாங்குகிறவர், சண்டை போடுகிறவர் தம் ஒரு நாளை எப்படி நினைத்துப் பார்ப்பது என்பதே அந்தக் கையேட்டின் வேலை. இந்தப் பழைய அச்சுகளை ஐரோப்பிய நூலகங்களில் தேடிக் கண்டு நமக்குச் சொன்னவர்களில் ஒருவர் ஊர்காவற்றுறைப் பக்கத்துத் தனிநாயகம் அடிகள். 1970இல் மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு பாரிஸில் கூடியபோது அதன் முன்னணியிலும் அவரே இருந்தார்.

அதற்கடுத்த நூற்றாண்டைத் தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற நோபிலியின் வாத நூல்கள் நிரப்புகின்றன. அவை பண்டிதர்களோடு பேசுபவை என்பதால் இங்கே அவற்றைத் தாண்டிப் போகலாம். நிற்க வேண்டிய இடம் வீரமாமுனிவர்.

‘தேம்பாவணி’யைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1726இல் முடிந்த அந்தக் காப்பியத்தில் 3615 விருத்தங்கள் இருக்கின்றன. அதன் தலைவன் வளன் ஒரு தச்சன்; மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக நாடு விட்டு எகிப்துக்கு ஓடியவன். அகதி ஒருவனைக் காப்பியத் தலைவனாக்கிய இலக்கியம் நம்மிடம் முந்நூறு ஆண்டாக இருந்தும் புலம்பெயர்ந்த பிரசங்கிகள் அதைத் தொடுவதே இல்லை என்பது தனியே எழுத வேண்டிய குறை. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1727இல், முனிவர் உரைநடையில் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’. வேதியர் என்றால் இங்கே உபதேசியார். மதுரை மிஷனில் குருக்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள். ஒரு சுவாமி ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை வந்தால் பெரிது. மிச்ச நாளெல்லாம் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தவர், ஞாயிற்றுக்கிழமை செபம் சொல்லிக் கொடுத்தவர், சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் இருந்தவர், அண்ணன் தம்பி வழக்கைத் தீர்த்தவர் எல்லாம் உபதேசியாரே. அந்த மனிதருக்கு முனிவர் ஒரு புத்தகம் எழுதினார். உன் வேலை இன்னது, அதில் உன்னைக் கெடுக்கக்கூடியது இன்னது, உன் உள்ளத்தை நீ எப்படிப் பார்த்துக்கொள்வது என்று முகத்தைப் பார்த்துப் பேசுகிற நூல். தமிழ் உரைநடை வரலாற்றில் அதற்கு இடம் கொடுக்கிறோம். ஊழிய இலக்கியமாக அதை யாரும் தொடரவில்லை.

இலங்கையில் அதே காலத்தில் நிலைமை இன்னும் இறுக்கம். ஒல்லாந்தர் ஆட்சி கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்தது. 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகளாருக்கு 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதர் பட்டம் கொடுத்தார். அவரைப் பின்தொடர்ந்து 1705இல் வந்த கோவாக்காரர் யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல் நூலாக எழுதினார். அவற்றில் ‘வியாகுலப் பிரசங்கம்’ இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. தவக்காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதை இராகத்தோடு பாடி வருகிறார்கள். குரு இல்லாத ஊரில் மூப்பரும் அண்ணாவியாரும் சனத்தைக் கூட்டி வைத்துப் பாடக்கூடியதாக ஒரு நூலைச் செய்து கொடுத்ததுதான் அவருடைய சாமர்த்தியம். படிக்கத் தெரியாதவரும் கேட்டே மனப்பாடமாக்கிக் கொண்டார். வாசகர் எண்ணிக்கையை விற்பனையால் அளக்கிறவர்கள் இந்த நூலை எந்தக் கணக்கில் சேர்ப்பார்களோ தெரியாது.

பிரான்சின் பங்கு இதற்குப் பிறகுதான் வருகிறது. பாரிஸில் ரூ து பாக் 128ஆம் இலக்கத்தில் இருக்கிற வெளிநாட்டு மிஷன் சபை, இயேசு சபை கலைக்கப்பட்ட பின் புதுச்சேரிப் பணியைப் பொறுப்பேற்றது. அந்தச் சபையின் துப்புயி அடிகளார் 1840இல் புதுச்சேரியில் மிஷன் அச்சகத்தைத் தொடங்கினார். செபப் புத்தகம், ஞானோபதேசம், பெண்பிள்ளைகளுக்கான பாடப் புத்தகம் என்று அங்கிருந்து வந்தவற்றைத் தமிழகக் கத்தோலிக்க வீடுகள் தலைமுறைக் கணக்கில் புரட்டின. மூசே அடிகளாரோடு சேர்ந்து அவர் செய்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரண்டு தொகுதியாக வந்தது. இன்றும் மொழிபெயர்ப்பாளர்கள் அதை விடவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்கள் வேறு பிரெஞ்சுக்காரர்கள். மார்செய் ஆயர் மசெனோ நிறுவிய அமலமரித் தியாகிகள் சபையினர் 1847இல் வந்திறங்கினார்கள். கோயில், பள்ளிக்கூடம், அச்சகம், பத்திரிகை என்று அவர்கள் போட்ட அடித்தளத்தில்தான் நல்லூர் ஞானப்பிரகாசர் (1875–1947) வந்தார். பன்மொழிப் புலவர் என்றும் சொற்பிறப்பு ஆய்வாளர் என்றும் அவரை அறிவோம். அவர் காலத்து ஊர்ச்சனம் அறிந்தது அவருடைய துண்டுப் பிரசுரங்களைத்தான். அவருக்கு முன்பிருந்தே யாழ்ப்பாணத்தில் சமய நூல் என்றாலே கண்டன நூல். சைவத் தரப்பில் நாவலர் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினால் மறுபக்கம் மறுப்பு எழுதும். அமெரிக்க மிஷனின் ‘உதயதாரகை’ 1841இலிருந்து தன் பங்கைச் செய்தது. வாதத்தில் தமிழ் கூர்மை பெற்றது. வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு அதனால் பெரிய ஆறுதல் கிடைத்திருக்கும் என்று தோன்றவில்லை.

ஆக, இன்று பாரிஸில் இரண்டு தமிழ்க் கத்தோலிக்க ஓடைகள் இருக்கின்றன. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்து வந்த புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் ஒன்று. 1980களிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத்தவர் மற்றது. இரண்டையும் பிரெஞ்சுக் குருக்கள்தாம் வளர்த்துவிட்டார்கள், இரண்டு வெவ்வேறு சபைகளாக. புதுச்சேரிப் பாட்டியின் செபமும் தீவுப்பகுதி அம்மம்மாவின் செபமும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகாததற்குக் காரணத்தில் பாதி இது.

சீர்திருத்தச் சபைகளின் பக்கம் கதை வேறு மாதிரி. 1858இல் தொடங்கிய அமைப்பு ஒன்று பின்னர் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்று பெயர் பெற்றது. இறையியலிலிருந்து வீட்டு வைத்தியம் வரை அது தமிழில் போடாத புத்தகமில்லை. பனியனின் மோட்சப் பயணக் கதையை எடுத்துக்கொண்டு எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்தார். கம்பனில் ஊறிய நெல்லை வைணவக் குடும்பத்துக்காரர், ஆங்கிலத் தகரவேலைக்காரன் ஒருவன் சிறையிலிருந்து கண்ட கனவைப் பெருங்காப்பியமாக்கினார். அழகில் குறையொன்றும் இல்லை. ஆனால் பனியன் எழுதியது தெருவோரத்து ஆங்கிலத்தில். தையல்காரனும் வண்டிக்காரனும் எடுத்து வாசித்த மொழியில். தமிழில் அது புலவர் வீட்டுக்குக் குடிபோய்விட்டது. சாமுவேல் பவுலின் வசன மொழிபெயர்ப்பு இருந்ததால் பொதுவாசகர் தப்பினார்.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்த மாற்றம் பெரிது, அதே நேரம் ஒருமுகமானது. தினத் தியானமும் சாட்சியும் மற்ற வகைகளை விழுங்கிவிட்டன. டி.ஜி.எஸ். தினகரனின் (1935–2008) ‘இயேசு அழைக்கிறார்’ போன்ற ஊழியங்களின் மாத இதழ்கள் தமிழ்நாடு தாண்டி ஈழம், மலேசியா, ஐரோப்பா வரை போயின. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், தலைப்பில் ஒரு வசனம், நடுவில் ஒரு சம்பவம், கடைசியில் ஒரு ஜெபம் என்கிற வடிவம் அதிகாலை வேலைக்குப் போகிறவருக்குப் பொருந்துகிறது என்பதை மறுக்க முடியாது. ஆர்.இ.ஆர். பெட்டியில் ஒரு பக்கம் வாசித்து முடிக்கலாம். குறை வடிவத்தில் இல்லை, சம்பவங்களில் இருக்கிறது. அமெரிக்க வயலொன்றில் நடந்தது, பெயரில்லா ஒரு மருத்துவர் சொன்னது, கப்பல் மாலுமி ஒருவன் கண்டது என்று எங்கிருந்தோ வந்த கதைகள் மொழிபெயர்ந்து மொழிபெயர்ந்து நிறம் வெளுத்துப்போயிருக்கும்.

சாட்சி நூல்களைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வியாதி, கடன், ஜெபம், விடுதலை என்ற வரிசை மாறுவதில்லை. பாரிஸில் இதில் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: காட், அதாவது வதிவிட அட்டை. அகதி விண்ணப்பங்களை முடிவு செய்யும் ஒப்ராவில் கேஸ் ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளைச் சாட்சியாகச் சொல்லக் கேட்காத தமிழ்ச் சபை இங்கே அருமை. சொல்லட்டும், அவர்களுடைய சந்தோஷம் உண்மையானது. றிஜெக்ட் ஆனவர் என்ன செய்வது? மொந்த்ரோய் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்த பிறகு அதே உபவாச ஜெபத்தில் அடுத்த கதிரையில் உட்கார்ந்திருப்பவருக்கு எழுதப்பட்ட தமிழ்ப் புத்தகம் எது? சங்கீதங்களில் பாதி அவருக்காக எழுதப்பட்டவை. நம் தியான எழுத்தாளர்கள் அவற்றின் கடைசி வசனத்துக்கு மட்டும் அவசரமாக ஓடிவிடுகிறார்கள். 1995 ஜூலையில் நவாலி புனித பேதுருவானவர் கோயிலில் அடைக்கலம் புகுந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விமானக் குண்டுக்குப் பலியானார்கள். அந்த நாளை வைத்துக்கொண்டு தேவ பாதுகாப்பு என்ற சொல்லை யோசித்த பக்தி நூல் ஒன்று தமிழில் என் கண்ணில் படவில்லை. கவிதையும் சிறுகதையும் அந்த வேலையைச் செய்திருக்கின்றன.

இப்படி, மிக நேர்மையான ஆன்மிக எழுத்து வேறு அலமாரிக்குப் போய்விடுவது நம் வழக்கம். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதியைக் கண்டு, வெளியேறி வந்த ஒரு தலித் பெண்ணின் எழுத்து அது. பூசை, பாவசங்கீர்த்தனம், திருநாள், மடத்துச் சாப்பாடு என்று தமிழ்க் கத்தோலிக்க வாழ்க்கையின் அன்றாடம் அதில் இருப்பதுபோல எந்த ஞான நூலிலும் இல்லை. அதைத் தலித் இலக்கியம் என்று வைத்தோம், தன்வரலாறு என்று வைத்தோம். பக்தி நூல்களோடு யாரும் வைக்கவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும், ஒரே உலையில் பொங்கிக் கூடி உண்பதை நற்கருணையோடு சேர்த்துப் பார்த்தவர். கிராமத்து மெட்டில் வழிபாட்டையே திருப்பிப் போட்டார். அவருடைய இறையியலை நீளமாக வாசிக்க வேண்டுமென்றால் ஆங்கில ஆய்வு நூலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து மெதடிஸ்டரான டி.டி. நைல்ஸ் (1908–1970) இன்னொரு உதாரணம். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபை மன்றம் கூடியபோது பேசிய மனிதர். அவர் புகழுக்குக் காரணமான நூல்கள் அனைத்தும் ஆங்கிலம்.

பாரிஸ் தமிழரில் எத்தனையோ பேர் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவித் தொடங்கியவர்கள். சமையலறை ஆன்மிகம் பற்றி உலகில் அதிகம் வாசிக்கப்பட்ட நூல் இதே நகரத்துச் சமையலறை ஒன்றில் பிறந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நிக்கோலா எர்மான் லொரேன் பகுதிக் கிராமத்துக்காரர். முப்பதாண்டுப் போரில் காயப்பட்ட சிப்பாய். பாரிஸ் வந்து 1640இல் வோஜிரார் வீதிக் கார்மேல் மடத்தில் சகோதரர் லோரான் என்ற பெயரில் சேர்ந்தார். படிப்புக் குறைவு என்பதால் குருவாகவில்லை. ஆண்டுக்கணக்காகச் சமையல், கால் தளர்ந்தபின் செருப்புத் தைத்தல். 1691இல் இறந்தார். அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் சேர்த்து அடுத்த சில ஆண்டுகளிலேயே அச்சிட்டார்கள். சட்டி உருளும் சத்தத்துக்கும் கட்டளைகளுக்கும் நடுவில் கடவுளோடு பேசிக்கொண்டிருப்பது எப்படி என்பதே அதன் முழு விஷயம். காயம்பட்டு, அகதிபோல் நகரம் வந்து, அடுக்களையில் நின்ற ஒருவரை இங்குள்ள தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்ய நீண்ட முன்னுரை வேண்டியதில்லை. லிசியே தெரசாளைச் சிறுமலர் என்று தூக்கி வைத்துத் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் நாம். லோரான் மட்டும் விட்டுப்போனார்.

அதே கார்மேல் மட வளாகத்தில்தான் பின்னர் பாரிஸ் கத்தோலிக்க நிறுவனம் அமைந்தது. 1960களில் அங்கே ஒரு தமிழ்க் குரு படித்தார். தென்னார்க்காட்டுக் கள்ளேரியில் 1932இல் பிறந்த அமலோர்பவதாஸ். இன்றைய இந்தியாவில் திருச்சபையின் கதி என்ன என்று கேட்ட அவருடைய பிரெஞ்சு நூல் 1967இல் வெளிவந்தது. ஊர் திரும்பியவர் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை எழுப்பினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தமிழ்க் கிராமம் வரை கொண்டுவந்த மறைக்கல்வி நூல்களிலும், 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்திலும் அந்தத் தலைமுறையின் உழைப்பு தெரிகிறது. மொழிபெயர்ப்பு நல்லது என்பேன். சபைகள் பழைய பதிப்பை விடமாட்டோம் என்று நிற்பதும் புரிகிறது. மனப்பாடமான வசனம் நோயில் உதவுகிறது. புது மொழிபெயர்ப்புக்கு அந்த வயது இன்னும் வரவில்லை.

இனி உபதேசியாருக்கு வருவோம். அவர் ஒபர்வில்லியேயிலும் இருக்கிறார், பெயர் மட்டும் வேறு. பகலில் கடையிலோ துப்புரவு வேலையிலோ நின்றுவிட்டு, மாலை ஏழு மணிக்கு யாரோ ஒருவர் வீட்டில் ஜெபக் கூட்டம் நடத்துகிற அண்ணன். ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வாசகம் பிரித்துக் கொடுத்து, மறைக்கல்வி வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்த்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிற வயோதிபரைப் போய்ப் பார்க்கிற அக்கா. சம்பளம் இல்லை. சுவாமியும் பாஸ்டரும் எப்போதும் பக்கத்தில் இல்லை. 1727இல் எழுதப்பட்ட கேள்விகளோடு இவர்களுக்குப் புதிய கேள்விகளும் உண்டு. சபையை எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவது, 1901ஆ 1905ஆ? 2021 ஆகஸ்டில் வந்த சட்டம் வழிபாட்டுச் சங்கங்களின் கணக்கு வழக்கில் எதையெல்லாம் கூட்டியது? காணிக்கைக்கு ரசீது எப்படி? அடி வாங்குகிற மனைவி ஜெபம் கேட்டு வந்தால் ஜெபத்தோடு வேறு எங்கே கூட்டிப் போவது? வட்டிக்கும் சீட்டுக்கும் இடையில் நசுங்குகிறவரிடம் தசமபாகம் பேசலாமா? பிரெஞ்சில் யோசிக்கிற பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் செபமாலை ஏன் என்று எந்த மொழியில் சொல்வது? ஊழியம் பற்றிய தமிழ் நூல்கள் பெரும்பாலும் முழுநேர ஊழியருக்கு எழுதப்பட்டவை. அழைப்பு, அபிஷேகம், தரிசனம் என்று பெரிய சொற்களில் பேசுபவை. வேலை முடிந்து வருகிறவருக்கு ஒரு கைப்புத்தகம், வீரமாமுனிவர் எழுதியதுபோல் முகத்தைப் பார்த்து எழுதியது, தேவைப்படுகிறது. சென்னைப் பதிப்பாளர் அதை எழுத முடியாது. இங்கே ஊழியம் செய்கிற நாலு பேர் உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. இரண்டு பக்கமும் இரண்டு மொழி இருந்தால் பிள்ளைகளும் தொடுவார்கள்.

இங்கே இருந்தபடி இங்குள்ளவர்களே எழுதி இங்கேயே அச்சடிக்கிற ஒரு வகை மட்டும் ஓய்வில்லாமல் வந்துகொண்டிருக்கிறது: முப்பத்தோராம் நாள் நினைவு மலர். யாழ்ப்பாணக் கல்வெட்டு மரபின் கிறிஸ்தவ வடிவம். அட்டையில் படம், உள்ளே சங்கீதமும் செபமும், பிறகு இறந்தவரின் சரிதை. எந்தப் பங்கில் ஞானஸ்நானம், எந்தச் சுவாமியிடம் படித்தார், எந்த ஆண்டு இடம்பெயர்ந்தார், பிரான்சில் எந்த வேலை, எந்தத் திருநாளுக்கு மடுவுக்கும் லூர்துக்கும் போனார் என்றெல்லாம் மகனோ மருமகளோ எழுதியிருப்பார்கள். பேரப்பிள்ளைகளின் பக்கம் பெரும்பாலும் பிரெஞ்சில். இலக்கியத் தரம் பார்த்தால் பல மலர்கள் தேறாது. மிகைப்புகழ்ச்சி, எழுத்துப்பிழை, ஒரே அச்சில் வார்த்த வாக்கியம். இருந்தாலும் பாரிஸ் தமிழரின் விசுவாச வாழ்க்கையைப் பற்றி நாளை ஒருவர் எழுத வந்தால் முதலில் தேடப்போவது இவற்றைத்தான். பிரான்சில் அச்சாகிற நூலின் பிரதியைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கும் சட்டம் 1537இலிருந்து இருக்கிறது. ஒபர்வில்லியேயில் கோந்தோர்சே ஆய்வு வளாகம் தன் நூலகத்தோடு வந்தும் சில ஆண்டுகள் ஆகின்றன. மலர் அச்சடிக்கக் கொடுக்கிற வீட்டார் இரண்டு பிரதி கூடப் போடச் சொன்னால் போதும்.